வாசல் மரத்திலிருந்து தொடங்குங்கள்: இளவேனில் பூக்களையும் பறவைகளையும் அன்றாடம் பார்க்க ஒரு வழிகாட்டி

மூன்று இளவேனில்களை நான் தவறவிட்டேன். முதல் ஆண்டு, தினமும் கடந்துபோகும் மரம் மொட்டு விட்டிருப்பதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வந்து பார்க்கலாம் என்று நகர்ந்தேன். புதன்கிழமை மழை. ஞாயிறன்று பூவெல்லாம் மரத்தடியில் கிடந்தது. இரண்டாம் ஆண்டு, பெரிய பைனாகுலர் ஒன்றை வாங்கிக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு சரணாலயத்துக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, பறவைகள் அடங்கிவிட்டன. மூன்றாம் ஆண்டு நிறையப் பார்த்தேன், ஆனால் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த மரம் எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பறவை முதலில் வந்தது என்று இன்று கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

நான்காம் ஆண்டில்தான் வழி பிடிபட்டது. இதற்கு விடுமுறையும் தேவையில்லை, பயணமும் தேவையில்லை. அன்றாடம் நடக்கும் வழியில் ஒரு மரம், அதற்கு முன்னால் கால் மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் எந்தப் பொழுதில், எதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தவறுகளைத் தவிர்த்து என்பதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. நீங்களாவது முதல் ஆண்டிலேயே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. நாட்காட்டியை நம்பாதீர்கள், மொட்டைப் பாருங்கள்

வடகோளத்தில் மார்ச் முதல் மே வரையும், தென்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இளவேனில் என்பது பொதுக்கணக்கு. மரங்கள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. குளிர்காலம் கொஞ்சம் கதகதப்பாக இருந்துவிட்டால் பூ முந்திக்கொள்ளும். குளிர் நீண்டால் பிந்தும். வெப்ப நாடுகளிலோ பல மரங்கள் வறண்ட நாட்களில் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் பூக்கும்.

ஆகவே பூவைத் தேடிப் போகாமல், மொட்டைத் தேடிப் போங்கள். பூக்கும் என்று நீங்கள் நினைக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். மொட்டு, முதல் பூ, முழுப் பூப்பு, உதிர்வு என்று நான்கு கட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செர்ரி போன்ற மரங்களில் முழுப் பூப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஒரு பலத்த காற்றோ மழையோ அதையும் பாதியாக்கிவிடும். "இந்த வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இதில் மிகப் பெரிய பொறி. முழுப் பூப்பு தெரிந்த அன்றே, வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடமாவது நின்றுவிடுங்கள்.

2. ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் பத்து இடங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்கிறார்கள். ஒரே இடத்துக்குப் பத்து நாள் போவது அதைவிடப் பல மடங்கு பலன் தரும். பூவுக்குப் பறவைகள் வருவது உண்மைதான், ஆனால் அவை தங்களுக்கென ஒரு நேரத்தில், ஒரு வரிசையில் வருகின்றன. தொடர்ந்து பார்ப்பவருக்கு மட்டுமே அந்த வரிசை தெரியும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள். நீங்கள் தினமும் எப்படியும் கடந்துபோகும் இடத்தில் அது இருக்க வேண்டும். காலைச் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்க இடம் வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். முடிந்தால் இலை துளிர்ப்பதற்கு முன்பே பூக்கும் மரமாகப் பாருங்கள். மறைப்பு இல்லாததால் பறவை முழுதாகத் தெரியும். அடுக்குப்பூ மட்டுமே பூக்கும் அலங்கார மரங்களைத் தவிருங்கள். அடுக்கடுக்கான அந்த இதழ்களில் பல, மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியவை. பார்க்க அழகாக இருந்தாலும் பறவைக்கும் தேனீக்கும் அங்கே கிடைப்பது குறைவு.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு கல்யாண முருங்கை. முள் நிறைந்த, இலையற்ற கிளை நுனிகளில் சிவப்புக் கொத்துகள். முதல் மூன்று நாள் காக்கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் காலை ஒரு மைனா வந்து கொத்தின் மேலே உட்கார்ந்து, அலகைப் பூவுக்குள் விட்டு, தலையை நிமிர்த்தி விழுங்கியது. அது நிமிர்ந்தபோது நெற்றியில் மகரந்தம் அப்பியிருந்தது. அதே நெற்றியோடு அடுத்த கிளைக்குப் போனது. அதன் பிறகு ஒரு கரிச்சான் வந்து அதை விரட்டியது. கரிச்சானுக்குத் தேனும் வேண்டும், தேனுக்கு வரும் பூச்சியும் வேண்டும். இவை இரண்டும் சண்டையிட்டுக்கொண்டிருந்த இடைவெளியில் ஒரு தேன்சிட்டு, மரத்தின் மறுபக்கத்தில் சத்தமில்லாமல் தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. இதையெல்லாம் முதல் நாளே பார்த்திருக்க முடியாது. மூன்று நாள் வெறுமனே நின்றதற்குக் கிடைத்த கூலி அது.

சிவப்பு, நீண்ட குழல், மணமில்லை, பகலில் தேன் நிறைய: இந்த நான்கும் ஒரு பூவில் இருந்தால் அது பெரும்பாலும் பறவையை நம்பியிருக்கும் பூ. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பறவைகளுக்கு நன்றாகவே தெரியும். செம்பருத்திச் செடி இருந்தால் பூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு துளை தெரிந்தால் தேன்சிட்டு வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம். அது பூவின் வாய் வழியே போகாமல் அடியில் குத்தித் தேனை எடுத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் இருப்பவர்கள் செர்ரி மரத்தடியைப் பாருங்கள். இதழ் இதழாக இல்லாமல், முழுப் பூ காம்பறுந்து விழுந்திருந்தால், மேலே சிட்டுக்குருவிகள் பூவின் அடியைக் கடித்துத் தேன் குடித்திருக்கக்கூடும்.

3. நேரம்: விடியலுக்கு முன் அரை மணி

எந்தக் கருவியையும்விட நேரம்தான் முக்கியம். இளவேனிலில் பறவைகளின் பாட்டு உச்சத்தில் இருப்பது சூரிய உதயத்துக்கு முன்னும் பின்னுமான ஒரு மணி நேரம். அப்போது இரை தேடப் போதிய வெளிச்சம் இருக்காது. ஆண் பறவைகள் தங்கள் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் பாடும். காற்றில்லாத நாளில் போனால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம்.

முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எத்தனை குரல்கள் என்று மட்டும் எண்ணுங்கள், பெயர் வேண்டாம். நீளமாக, திரும்பத் திரும்ப வருவது பாட்டு; சுருக்கமாக, திடீரென்று வருவது அழைப்பு அல்லது எச்சரிக்கை. குயிலின் "குக்கூ" எனப் படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் குரல் ஆணுடையது. உடல் முழுக்கக் கறுப்பாக, கண் சிவப்பாக இருக்கும். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, "கிக் கிக் கிக்" என்று வேகமாகக் கத்தும். இந்தக் குரல்கள் காதில் விழுந்தால் பக்கத்தில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கூட்டில் முட்டையிடத்தான் குயில் சுற்றிக்கொண்டிருக்கும்.

விடியலில் எழ முடியாதவர்களுக்கு மாலையில் வெயில் சாயும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நண்பகலைப் பூக்களுக்கு ஒதுக்குங்கள், பறவைகளை அப்போது எதிர்பார்க்க வேண்டாம். பூக்களுக்கும் கடிகாரம் உண்டு. பத்துமணிப்பூ வெயில் ஏறிய பின் விரியும், அந்திமந்தாரை மாலையில் விரியும், பவழமல்லி இரவில் பூத்து விடியலில் தரையெல்லாம் சொரிந்திருக்கும். டேன்டேலியன் மாலையிலும் மப்பான நாளிலும் மூடிக்கொள்ளும். தவறான நேரத்தில் போய்விட்டு "பூக்கவே இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.

போய் நின்றவுடன் எல்லாம் அமைதியாகிவிட்டால் கலங்காதீர்கள். நீங்கள் வந்ததால் ஏற்பட்ட அமைதி அது. அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பழையபடி எல்லாம் தொடங்கும். பளிச்சென்ற வெள்ளை உடை வேண்டாம்.

4. செலவு: எதை முதலில், எதைக் கடைசியில்

முதல் மாதத்துக்கு ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், பனியில் எழுத்து கலையும். இரண்டாவதாக, நீங்கள் வாழும் பகுதிக்கென வந்த பறவைக் கையேடு ஒன்று. பைனாகுலர் மூன்றாவது. கேமரா கடைசி, முதல் ஆண்டு முழுக்க அது இல்லாமலே இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேமரா கையில் இருந்தால் பறவை என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டுப் படம் தெளிவாக வந்ததா என்பதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கையேடு வாங்கும்போது கடையில் நின்று மூன்றைச் சரிபாருங்கள். படமும் விளக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும், ஆண், பெண், இளம்பறவை மூன்றும் வரையப்பட்டிருக்க வேண்டும், பரவல் வரைபடம் இருக்க வேண்டும். வேறொரு கண்டத்துக்கான அழகான புத்தகம் பரிசாகக் கிடைத்தாலும் அதை வைத்து உங்கள் தோட்டத்துப் பறவைக்குப் பெயர் வைக்காதீர்கள். ஐரோப்பியக் கையேடுகளில் வரும் குக்கூ வேறு, நம் பாட்டுகளில் வரும் குயில் வேறு.

பூவுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் உலகமே மாறிவிடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். பைனாகுலர் வாங்கிவிட்டால் கைலென்ஸ்கூட அவசரமில்லை. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, கண் வைக்கும் முனையைப் பூவுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பெரிய முனை வழியே பாருங்கள். மகரந்தப் பை தெளிவாகத் தெரியும்.

5. பைனாகுலர்: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கருவியின் மேல் 8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது பெரிதாக்கும் அளவு, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். என் இரண்டாம் ஆண்டுத் தவறு 12 மடங்கு பெரிதாக்கும் கருவி. பெரிதாக்க அளவு கூடக்கூடக் கைநடுக்கமும் அதே அளவு கூடும், பார்வைப் பரப்பு குறுகும். கிளையில் தாவிக்கொண்டிருக்கும் சிட்டை அதற்குள் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். அன்றாடப் பயன்பாட்டுக்கு 8×42 அல்லது, எடை குறைவாக வேண்டுமென்றால், 8×32 போதும். இரண்டு மீட்டர் தொலைவில்கூடத் தெளிவாகக் குவிகிறதா என்று கேளுங்கள். பூவில் உட்கார்ந்த வண்டையும் பார்க்கலாம். கண்ணாடி அணிபவர்கள் கண் ஒதுக்கம் (காட்சி முழுதாகத் தெரியும்படி கருவியிலிருந்து கண் தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியாகப் பார்த்து வாங்கி, ரப்பர் வளையத்தை உள்ளே திருகிக்கொள்ளுங்கள்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இதைச் செய்யாததால் நான் பல மாதம் தலைவலியோடு இருந்தேன். தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, பெரும்பாலும் வலது பக்கக் குழலில் இருக்கும் வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டுமே போதும்.

பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்கள். ஒரு வாரம் பூக்கொத்தை வைத்துப் பழகினால் கைக்கு வந்துவிடும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதன் வழியே பார்க்கக் கூடாது. கண் பார்வை போய்விடும்.

6. பெயர் கண்டுபிடிப்பது

நிறத்திலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து உருவம்: அலகு தடித்ததா, ஊசி போன்றதா, வால் நீளமா? மூன்றாவது நடத்தை: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, அடிமரத்தில் ஏறுகிறதா, வாலை ஆட்டுகிறதா? பிறகு இடம். நிறம் கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் இரண்டு வரி எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், பாதிப் பக்கங்களைப் புரட்டவே வேண்டியிருக்காது.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி, குரலைக் கேட்டே பெயர் சொல்லும். வெளியே கிளம்பும் முன் உங்கள் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அதன் பின் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் போன்ற பறவைகள் மற்றவற்றின் குரலைப் போலவே கத்திக் காட்டும், செயலி ஏமாறும். பறவையைக் கண்ணால் பார்க்கும் வரை பட்டியலில் ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பூவுக்கு, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி உதவும். கணக்கு தொடங்க விரும்பாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே குழுவின் சீக் செயலி போதும். பூவை மட்டும் ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு விடை வரவில்லை என்று வருந்தாதீர்கள். பூவின் முகம், பக்கவாட்டு, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டு, முழுச்செடி என ஆறு படங்கள் வேண்டும். விடை பெரும்பாலும் இலையில் இருக்கிறது. தொட்டியில் வளர்த்த செடி என்றால் "வளர்க்கப்பட்டது" என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காட்டுச்செடிக் கணக்கில் தவறாகச் சேர்ந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. செண்பகம் என்றால் சிலருக்கு மணக்கும் பூ, சிலருக்குச் செம்போத்துப் பறவை. கொன்றை என்று ஒருவர் சொன்னால் சரக்கொன்றையா, வேறு கொன்றையா என்று கேட்டே ஆக வேண்டும். அதனால் நம் பெயரை மகிழ்ச்சியோடு எழுதி, பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதுங்கள்: சிட்டுக்குருவி, பாஸர் டொமெஸ்டிகஸ். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பறவைக்கோ செடிக்கோ தனிப்பெயர் வைத்திருந்தால் அதைத் தவறாமல் குறித்துவையுங்கள். கையேடுகளில் இல்லாத பெயர்கள் அவர்களோடு போய்விடுகின்றன.

7. குறிப்பேடும் பதிவும்

ஒரு நாளுக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் பத்தாம் நாள் நின்றுவிடும். தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், வானிலை, மரத்தின் கட்டம், பறவைகள் எத்தனை, ஒரு காட்சி. அன்றே எழுத வேண்டும். இரவுக்குள் பறவையின் அலகு மனத்தில் நீளமாகிவிடும், நிறம் கூடிவிடும்.

அதை உலகத்தோடு பகிர விரும்பினால், 2002-இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். ஒரே இடத்தில் நின்று பார்த்தீர்களா, நடந்தீர்களா என்று கேட்கும். 30 மீட்டருக்குள் நகர்ந்திருந்தால் நின்று பார்த்ததாகவே கொள்ளலாம். "அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவுசெய்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, காக்கையையும் புறாவையும் சேர்த்திருந்தால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு ஆம் என்று குறிப்பது, அங்கே காக்கையே இல்லை என்று சாட்சி சொல்வதற்குச் சமம்.

வீட்டிலிருந்து பதிவிடுபவர்கள் கவனம்: இடத்தின் பெயராகக் கதவு எண்ணையோ உங்கள் பெயரையோ எழுதாதீர்கள், அது பொதுவில் தெரியும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அரிய செடி, கூடு ஆகியவற்றின் சரியான இடத்தை எங்கேயும் வெளியிட வேண்டாம். பறிப்பவர்களும் பிடிப்பவர்களும் அதே பக்கங்களைப் படிக்கிறார்கள்.

தொடங்குவதற்கு ஒரு நல்ல நாள் வேண்டுமென்றால், 1998 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. குறைந்தது 15 நிமிடம் எண்ணினால் போதும், எந்த நாட்டிலிருந்தும் சேரலாம், கட்டணமில்லை.

8. அனுமதியும் ஆவணங்களும்

பொதுவழியில் நின்று மரத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் பைனாகுலர் கையில் இருப்பவரைப் பார்ப்பவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை. அவர் யார் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு வளாகச் சுவரை ஒட்டி நின்று பூவைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் காவலர் நிறுத்தி அரை மணி நேரம் விசாரித்தார். அவர் தம் கடமையைத்தான் செய்தார். கையில் அடையாள அட்டையும் பறவைக் கையேடும் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்று முதல் இரண்டும் எப்போதும் பையில் இருக்கின்றன.

கல்வி வளாகம், தனியார் தோட்டம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றில் நல்ல பழைய மரங்கள் இருக்கும். அங்கே தினமும் போக விரும்பினால் நிர்வாகத்துக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்தோடு அனுமதி வாங்கிவிடுங்கள். பெயர், வரும் நேரம், நோக்கம், பூ பறிக்க மாட்டேன் என்ற உறுதி போதும். வாய்வார்த்தை அனுமதி காவலர் பணி மாறும்போது செல்லாமல் போய்விடும். பூ தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தைக் கொடுங்கள், பதில் வருவதற்குள் பூ உதிர்ந்துவிடக் கூடாது. பூங்காக்களில் முக்காலிக்கும் பெரிய கேமராவுக்கும் தனி அனுமதி கேட்கலாம், நுழைவாயில் பலகையைப் படியுங்கள். திறக்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விடியலுக்குப் பின் வெகுநேரம் கழித்துத் திறக்கும் பூங்காவுக்கு வெளியே நின்றே கேட்பது மேல். ராணுவ இடங்கள், விமான நிலையங்கள் அருகே பைனாகுலரை வெளியே எடுக்காதீர்கள்.

9. வீட்டுக்கே வரவழைக்க: தண்ணீர்

தீனியைவிடத் தண்ணீர் பாதுகாப்பானது, செலவும் இல்லை. அகலமான, சொரசொரப்பான மண் தட்டு. ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். சிறு பறவைகள் விளிம்பிலிருந்து மெல்ல இறங்கும். தட்டை, பூனை ஒளிந்துகொள்ளும் புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். அன்றாடம் மாற்றினால் அதற்கு வாய்ப்பே இல்லை.

தீனி வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் ரொட்டியைத் தவிருங்கள், வயிறு நிறையும், சத்து இருக்காது. முழு நிலக்கடலையைக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வைக்காதீர்கள், குஞ்சின் தொண்டையில் அடைத்துவிடும்.

கண்ணாடி ஜன்னலில் மோதி இறக்கும் பறவைகள் ஏராளம். அவற்றின் கண்ணுக்கு அது வானமும் மரமும்தான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வரையுங்கள். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. வலசை நடக்கும் வாரங்களில் இரவு விளக்குகளை அணைத்துவிடுங்கள்; பல பறவைகள் இரவில்தான் பயணம் செய்கின்றன.

10. கூடும் குஞ்சும்

இதில் ஒரு தவறு நடந்தால் திருத்த முடியாது, ஆகவே நிதானமாகப் படியுங்கள். கூட்டைக் கண்டால் ஒரு முறை தொலைவிலிருந்து பார்த்துவிட்டு விலகுங்கள். மறைக்கும் இலைகளை ஒதுக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி போகும் இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும், நீங்கள் போன பிறகு அது வரும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் இந்தக் காலத்தில் செய்யாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, அடைகாக்கவும் இரை தேடவும் வேண்டிய நேரத்தைத் தேடி அலைவதில் செலவிடும்.

தரையில் குஞ்சு கிடந்தால் இறகைப் பாருங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நடுவழியில் இருந்தால் அருகிலுள்ள புதரடிக்கு மாற்றிவிட்டு, நாய் பூனைகளை உள்ளே கட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெதுவாகத் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. காயம்பட்டிருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உங்கள் பகுதி வனவிலங்கு மீட்பு எண்ணை இன்றே தொலைபேசியில் சேமித்துவிடுங்கள். காட்டுப் பறவையையோ கூட்டையோ வீட்டில் வைத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

11. உடம்பையும் கவனியுங்கள்

தும்மல் வந்தால் பளிச்சென்ற பூவைக் குறை சொல்லாதீர்கள். அவற்றின் மகரந்தம் கனமானது, பறவைக்கும் பூச்சிக்கும் ஒட்டிக்கொண்டு போவது. ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம், காற்றில் மகரந்தம் தூவும், கண்ணில் படாத பூக்களையுடைய மரங்களும் புற்களும்தான். காற்றடிக்கும் வறண்ட நாளில் முகக்கவசம் போடுங்கள், நல்ல மழைக்குப் பிந்திய காலையைத் தேர்ந்தெடுங்கள். உண்ணி உள்ள பகுதிகளில் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் காதோரத்தையும் பார்த்துவிடுங்கள்.

12. முதல் மாதம்

முதல் வாரம் மரத்தைத் தேர்ந்தெடுத்து, காதால் மட்டும் கேளுங்கள். இரண்டாம் வாரம் குறிப்பேடு. மூன்றாம் வாரம் ஐந்து பறவைகள், ஐந்து பூக்கள், அதற்கு மேல் பெயர் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். நான்காம் வாரம் எது வரவில்லை என்று பாருங்கள். வெப்ப நாடுகளில் குளிர்காலம் முழுக்கக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த, வலசை போகும் சிறு பறவைகளான தகைவிலான்கள் ஒரு நாள் இருக்காது. அவை கிளம்பிவிட்ட தேதியை எழுதுங்கள். வடக்கே வாழும் உறவினரோ நண்பரோ இருந்தால், அங்கே முதல் தகைவிலான் எப்போது தெரிந்தது என்று கேட்டு அதே பக்கத்தில் குறியுங்கள்.

மரத்தில் முதல் பூ விரிந்த தேதி கிடைத்ததும், அடுத்த ஆண்டு நாட்காட்டியில் அதற்கு மூன்று வாரம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நினைவூட்டல் இப்படி இருக்கிறது: "கிழக்குக் கிளைதான் முதலில் பூக்கும். கரிச்சான் வருவதற்கு முன் போய் நில்."